நடுங்கும் கெப்பில் இருக்கிறது உங்கள் சம்பளம்

ஏறாவூரிலிருந்து செங்கலடிச் சந்தி வரைக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒயில் மாற்றத் தெரியும், பிரேக் கட்டத் தெரியும், கிளச் பிளேட் இறக்கி ஏற்றத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் வைத்திருப்பவருக்கு எல்லோருக்கும் கிடைக்கிற நாட்சம்பளம்தான். சந்தை அப்படித்தான், கோபப்பட ஒன்றுமில்லை. அடுத்த வருடமும் அதே சம்பளத்தில் நிற்க விருப்பமில்லை என்றால், மற்றவர்கள் தட்டிக்கழிக்கிற ஒரு கோளாறைப் பிடித்து அதில் பெயர் எடுங்கள். என் சிபாரிசு: பழைய டீசல் கெப் ஸ்டார்ட்டில் நிற்கும்போது நடுங்குவது, தடுமாறுவது, மிஸ் அடிப்பது.

ஏன் இது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. வரியைக் கூட்டிப் பார்த்தவர்கள் பழைய கெப்பையே கழுவிப் பூசி வைத்துக்கொண்டார்கள். 2எல், 3எல், 5எல் எஞ்சின் போட்ட ஹைலக்ஸ், 4டி56 போட்ட எல்200, 4ஜேஏ1 போட்ட இசுசு. இவை எல்லாம் இன்னும் உழைக்கின்றன. வாழைச்சேனையிலிருந்து மீன் வருகிறது, கரடியனாற்றுப் பக்கமிருந்து நெல் வருகிறது. வண்டி ஒரு நாள் நின்றால் உரிமையாளருக்கு ஒரு நாள் உழைப்பு போகும். அவசரத்தில் இருக்கிற வாடிக்கையாளர், ஆளாளுக்கு ஒரு பார்ட்ஸ் மாற்றி அனுப்பிய கராஜ்கள், கோளாறு மட்டும் அப்படியே. போட்டியாளர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். உள்ளே நுழையுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். டிமோ பட்டாவைக் கொண்டுவந்து "நடுங்குது" என்பவர்கள் உண்டு. அந்த 702 சிசி எஞ்சினில் சிலிண்டர் இரண்டே இரண்டு. கொஞ்சம் ஆடுவது அதன் பிறவிக் குணம். நல்ல நிலையில் உள்ள இன்னொரு பட்டாவைப் பக்கத்தில் ஸ்டார்ட்டில் விட்டுக் காட்டுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் காசு வாங்காமல் அனுப்புங்கள். அந்த ஆள் நாலு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்லுவார்.

1. பொனட்டைத் திறக்க முன் வாயைத் திறவுங்கள்

வண்டி வந்தவுடன் ஸ்பானரோடு ஓடுகிறவர் ஹெல்பராகத்தான் தெரிவார். கொப்பியோடு போகிறவர் டெக்னீஷியனாகத் தெரிவார். முதல் அபிப்பிராயம் விலையை ஏற்றும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"காக்கா, காலைல முதல் ஸ்டார்ட்லயே நடுங்குதா, ஓடிச் சூடான பிறகா?"

"அதெல்லாம் தெரியா தம்பி. கடை வாசல்ல நிக்கக்குள்ள ஸ்டேரிங் கிடுகிடுன்னு ஆடுது."

இந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஏ.சி. போட்டபோதா, போடாதபோதுமா? எப்போதிலிருந்து? அதற்கு முன் எந்த கராஜில் என்ன கழற்றினார்கள்? கடைசியாக எங்கே டீசல் அடித்தார், ஷெட்டிலா, கேனிலா? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தையும் எழுதி வையுங்கள்.

காலையில் மட்டும் ஓரிரு நிமிடம் தடுமாறி அடங்கினால் ஒரு குளோ பிளக் செத்திருக்கலாம், அல்லது கம்பிரசன் குறையத் தொடங்கியிருக்கலாம். நெடுநேரம் சுற்றி ஸ்டார்ட் ஆகி, அதன் பிறகும் கொஞ்சம் தடுமாறினால் இரவு முழுக்க டீசல் பின்வாங்கி லைனில் காற்று நின்றிருக்கிறது. சூடான பிறகுதான் மோசம் என்றால் தேய்ந்த பம்ப் நினைவுக்கு வர வேண்டும், சூட்டில் டீசல் இளகி உள்ளேயே கசியும். ஏ.சி. போட்டால் மட்டும் என்றால் ஐடில்-அப் டயாஃப்ரம், அதன் வேக்கூம் குழாய். நாலு கேள்வியில் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். கையில் இன்னும் கிரீஸ் படவில்லை.

2. சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

ஐட்லிங் கோளாறு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. நாலு பேர் மாறி மாறி நெல்லுக் குத்தும்போது ஒருவர் மட்டும் உலக்கையைப் போடாமல் விட்டால் ஒரு தாளம் வரும் அல்லவா, அப்படி ஒழுங்காக ஒரு இடத்தில் மட்டும் தவறினால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. சுற்று தானாக ஏறி இறங்கி அலைந்தால் டீசலோடு காற்று வருகிறது, அல்லது பம்பின் கவர்னர் பக்கம் பிரச்சினை. தாளமே இல்லாமல் கண்டபடி தடுமாறினால் தண்ணீர், அழுக்கு, அடைத்த பில்டர்.

நாலாவது வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் சரியாக ஓடும், வண்டி மட்டும் நடுங்கும். சைலன்சர் வாயில் ஒரு கடதாசியைப் பிடியுங்கள். துடிப்பு ஒரே சீராக இருந்தால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள், எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். ஒயில் ஊறி நைந்த ரப்பருக்காக நாலு நொசிலையும் மாற்றிய வண்டிகள் இந்த வீதியில் ஓடுகின்றன.

புகையையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு. அறுவடைக் காலத்தில் வயல் வேலைக்குப் போய்வந்த வண்டி என்றால் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டிக் காட்டுங்கள், வாடிக்கையாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகையோடு வருகிறவர் வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் விழுந்துவிட்டு உங்களிடம் வந்திருக்கலாம். கேளுங்கள். காலக்கெடு உள்ள வாடிக்கையாளர் விலை பேச மாட்டார்.

3. மலிவான பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

நம் பகுதி கெப்களில் நான் முதலில் சந்தேகப்படுவது டீசல் லைன். காரணம் வாவியும் கடலும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு கீழே வடிகிறது. பொடியின் அடியில் போகிற இரும்பு டீசல் பைப்பில் அது நாள்தோறும் சொட்டுகிறது. பைப் துருப்பிடித்து ஊசித்துளை விழும். வெளியே டீசல் ஒழுகினால் யாரும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் டாங்கிக்கும் பம்புக்கும் இடையில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது, ஆகவே துளை வழியாகக் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது. வாடிக்கையாளர் "லீக் ஒண்டும் இல்ல தம்பி" என்று சத்தியம் பண்ணுவார், அவர் சொல்வதும் உண்மைதான்.

இதற்குத் தேவையான கருவி மிக மலிவு: ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் இரண்டு துண்டு. ஒன்றை பில்டருக்கும் பம்புக்கும் இடையில் போடுங்கள், மற்றதை ரிட்டர்ன் பக்கம். ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி ஓடினால் காற்று வருகிறது. வாடிக்கையாளரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், போனில் வீடியோ எடுங்கள். காட்டிய கோளாறுக்குக் காசு கேட்பது சுலபம்.

அடுத்தது கேன் டெஸ்ட். இதைத் தெரிந்தவர் குறைவு, ஆகவே கட்டாயம் பழகுங்கள். சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை பம்பை விட உயரத்தில், சூடான பாகங்களில் படாமல் கட்டித் தொங்கவிடுங்கள். பம்புக்குப் போகிற குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் இந்தக் கேனோடு இணையுங்கள். காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிடுங்கள். நடுக்கம் அடங்கினால் கோளாறு டாங்கி, பைப், பில்டர், பிரைமர் பக்கம். அடங்காவிட்டால் பம்ப், நொசில், எஞ்சின் பக்கம். ஒரே டெஸ்டில் வண்டியைப் பாதியாக வெட்டிவிட்டீர்கள், இனி ஒரு பாதியில் மட்டும் தேடினால் போதும். மற்ற கராஜ் அரை நாள் ஊகிக்கிற விஷயம் இது.

டாங்கிப் பக்கம் என்று தெரிந்தால் வரிசையாகப் போங்கள். பில்டர் தலையில் கையால் அமுக்குகிற பிரைமர் இருக்கிறதே, அதன் உள்ளே உள்ள ரப்பர் காய்ந்து காற்று இழுப்பது பழைய ஹைலக்ஸின் நீண்டகால வியாதி. அமுக்கிக்கொண்டே போயும் கைக்கு இறுக்கம் வராவிட்டால் அதைச் சந்தேகியுங்கள். பில்டருக்குக் கீழே உள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் கீழே தங்கும், டீசல் மேலே நிற்கும். மாரி மழை அடிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தப் போத்தல் நிறையவே பேசும். அரை டாங்கியோடு நாட்கணக்கில் நிறுத்துகிற வண்டியில் ஈரக்காற்று டாங்கிக்குள்ளேயே நீராகும். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் டீசலைப் பரலில் சேர்த்து வைத்துப் பழகியவர்கள் சிலர் இன்னும் அப்படியே ஊற்றுகிறார்கள், பரலின் அடியில் கிடந்தது டாங்கியின் அடிக்குப் போகிறது. பில்டரை மட்டும் மாற்றி அனுப்பினால் அதே வண்டி சீக்கிரம் திரும்பி வரும். டாங்கியைக் கழுவுவதற்கும் சேர்த்து எஸ்டிமேட் போடுங்கள்.

4. எந்தச் சிலிண்டர் என்று பெயர் சொல்லுங்கள்

தாளம் தவறுகிற வண்டி என்றால் இங்கே வாருங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு நொசிலின் பைப் நட்டை 17 நம்பர் ஸ்பானரால் மெல்ல இளக்குங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. இறுக்குங்கள், அடுத்ததற்குப் போங்கள். எதை இளக்கியபோது எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் சோம்பேறி.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அழுத்தத்தோடு பீறுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் ஆஸ்பத்திரிதான். இந்த வேலை பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு மட்டும். ஹைலக்ஸ் விகோ போன்ற வண்டிகளின் கொமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்தால் அது முட்டாள்தனம், அங்கே அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும்.

சோம்பேறிச் சிலிண்டர் தெரிந்தவுடன் நொசிலுக்கு ஓடர் கொடுக்கிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கொடுக்காதீர்கள். அந்த நொசிலைக் கழற்றி நல்ல சிலிண்டருக்கு மாற்றுங்கள், நல்லதை இங்கே போடுங்கள். வொஷர் புதிது போடுங்கள். கோளாறு நொசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நொசில்தான் குற்றவாளி. கோளாறு அதே சிலிண்டரில் நின்றால் நொசிலுக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் வீண், காரணம் வால்வு, கம்பிரசன், அல்லது பம்பிலிருந்து அந்தப் பைப்புக்கு வருகிற டீசல். புதுப் பார்ட்ஸ் வாங்காமல், பழையதை இடம் மாற்றியே ஒரு உறுதியான பதில். முதலாளி உங்களைக் கவனிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

5. ஸ்குரூவைத் திருகி மறைக்காதீர்கள்

ஐட்லிங்கை ஏற்றி வைத்தால் நடுக்கம் மறையும். பழைய டொயோட்டா டீசல்கள் சாதாரணமாக 700–800 ஆர்.பி.எம். அளவில் நிற்க வேண்டியவை. அதை ஆயிரத்துக்கு ஏற்றி, "சரி, எடுங்க" என்று அனுப்புகிற கராஜ்கள் உண்டு. அன்றைக்குக் காசு வரும், அடுத்த கிழமை டீசல் குடிக்கிறது என்று சண்டை வரும். உங்களிடம் வருகிற வண்டியில் அந்த ஸ்குரூவின் பூட்டு நட்டில் புது ஸ்பானர் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னைய கராஜ் என்ன செய்தது என்று அது சொல்லும்.

பம்பில் உள்ள மற்ற ஸ்குரூக்களில் கை வைக்காதீர்கள். உள்ளே பிரச்சினை என்று உறுதியானால் டெஸ்ட் பெஞ்ச் உள்ள டீசல் பம்ப் கடைக்கு அனுப்புங்கள். "இது எங்கட கையில இல்ல" என்று ஆதாரத்தோடு சொல்கிறவரைத்தான் பெரிய வாகன உரிமையாளர் நம்புவார். அனுப்புகிற கடையோடு கொமிஷன் பேசிக்கொள்வது உங்கள் பாடு. ஆனால் அந்தக் கடை வேலை சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் திட்டு உங்களுக்குத்தான் வரும்.

வால்வு கிளியரன்சை எஞ்சினுக்குரிய மெனுவல் பார்த்துச் செய்யுங்கள், நினைவில் உள்ள அளவை நம்பாதீர்கள். கம்பிரசன் கேஜ் டீசலுக்கென்று உள்ளது வேண்டும், பெற்றோல் கேஜ் உடைந்துவிடும். 2எல், 3எல் எஞ்சினுக்கு நல்ல அளவு 32, குறைந்தபட்சம் 20 கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு. சிலிண்டர்களுக்கிடையே 5க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஐட்லிங் நடுக்கத்தைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம்தான் முக்கியம். நாலும் ஒரே மாதிரி 24 காட்டுகிற கிழட்டு எஞ்சின், மூன்று 30 காட்டி ஒன்று 21 காட்டுகிற எஞ்சினை விட அமைதியாக நிற்கும்.

கொமன் ரெயில் வண்டி வந்தால் ஸ்கேனர். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்பியூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்று அது காட்டும், மற்றவற்றிலிருந்து விலகி நிற்பதை முதலில் பாருங்கள். ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்பதையும் விடாதீர்கள். சொந்த ஸ்கேனர் வாங்க இப்போது காசு இல்லாவிட்டால், கராஜில் உள்ளதை வேலை முடிந்த பிறகு கையில் எடுத்துப் பழகுங்கள். முதலாளி தடுக்கமாட்டார், அவருக்கும் அதை இயக்க ஆள் தேவை.

6. கண்டுபிடித்ததை விற்கத் தெரிய வேண்டும்

பார்ட்ஸுக்கும் கூலிக்கும் மட்டும் பில் போட்டால் உங்கள் மூளையை இலவசமாகக் கொடுக்கிறீர்கள். "செக் பண்ண இவ்வளவு, வேலை எங்களிட்டயே செய்தா அதைக் கழிப்பம்" என்று வண்டி உள்ளே வர முன்பே சொல்லுங்கள். சிலர் முறைத்துக்கொண்டு அடுத்த கராஜுக்குப் போவார்கள், போகட்டும்.

கழற்றிய பழைய பார்ட்ஸை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுங்கள். முன்பும் பின்பும் எடுத்த வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உரிமையாளர் டோஹாவிலும் வண்டி ஊரிலும் இருக்கிற குடும்பங்கள் நம்மிடம் குறைவில்லை. அங்கிருந்து காசு அனுப்புகிறவருக்கு இந்த வீடியோ ஒன்றே ஆதாரம்.

வாடிக்கையாளர் முன்னால் முதலாளியைத் திருத்தாதீர்கள். அவர் "நொசில்தான்" என்று சொல்லிவிட்டார், உங்களுக்கு அது காற்று என்று தெரிகிறது. பக்கத்தில் போய், "காக்கா, நொசிலைக் கழட்ட முந்தி ஒருக்கா கேன் போட்டுப் பாப்பமா?" என்று கேளுங்கள். பெயர் அவருக்குப் போனாலும் பரவாயில்லை. டெஸ்ட் செய்தவர் யார் என்று கராஜில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

7. பேப்பரும் வேண்டும்

கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வளைகுடா ஏஜென்சியோ கொழும்புக் கொம்பனியோ முதலில் கேட்பது சேர்டிபிகேட். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், ஏழு மட்டங்கள். வேலை அனுபவம் உள்ளவர் கோர்ஸ் படிக்காமலே, முன்பே கற்றதை அங்கீகரிக்கிற ஆர்.பி.எல். முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பயிலுனர் பயிற்சி தருகிற நைட்டாவிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் ஆதாரம் கேட்பார். இவ்வளவு நேரம் எழுதச் சொன்ன கொப்பியும் வீடியோக்களும் அங்கேயும் உதவும். முறைப்படி படிக்க வயதும் வசதியும் இருந்தால் மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது. மொறட்டுவையில் ஜேர்மன் டெக் இருக்கிறது, அதற்குப் போட்டி கடுமை.

சி.வி.யில் "அனைத்து எஞ்சின் வேலைகளும் தெரியும்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். "2எல், 3எல், 4டி56 எஞ்சின்களில் ஐட்லிங் கோளாறு கண்டறிதல்: எயார் லீக் டெஸ்ட், சிலிண்டர் கட்-அவுட், கம்பிரசன்" என்று எழுதுங்கள். நேர்முகத்தில் அதிலிருந்துதான் கேள்வி வரும், நீங்கள் தயார் செய்த இடத்துக்கே அவர்களை அழைத்து வந்துவிடுகிறீர்கள். நடுங்குகிற வண்டி ஒன்றைக் காட்டிப் பார்க்கச் சொன்னால் டூல் பொக்ஸுக்குப் போகாதீர்கள். கேள்வி கேளுங்கள், சைலன்சர் பக்கம் போங்கள், புகையைப் பாருங்கள், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். கோளாறைப் பிடிக்க நேரம் போதாவிட்டாலும் வரிசை சரியாக இருந்தால் மார்க்ஸ் விழும்.

சம்பளம் கூட்டிக் கேட்க ஒரு நேரம் இருக்கிறது. வாடிக்கையாளர் கராஜ் வாசலில் வந்து உங்கள் பெயரைச் சொல்லித் தேடத் தொடங்கிய பிறகு கேளுங்கள், பெருநாளுக்கு முந்தின அவசரத்தில் கேட்காதீர்கள். நாட்சம்பளத்தில் நூறு இருநூறு கூட்டச் சொல்வதை விட, செக்கிங் காசில் ஒரு பங்கு கேளுங்கள். முதலாளிக்கு அது புதுச் செலவாகத் தெரியாது, நீங்கள் கொண்டுவந்த வருமானத்திலிருந்து போகிற காசு. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். கொப்பியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், சி.வி.யை மட்டக்களப்பில் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற பம்ப் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.